ஃபெஸ்டினா விவகாரம்

1998ஆம் ஆண்டு டூர் தெ பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்தை உலுக்கிய ஊக்கமருந்து மோசடி. கடிகார நிறுவனமான ஃபெஸ்டினாவின் பெயரில் இயங்கிய அணியின் உதவியாளர் வில்லி வோத், பந்தயம் டப்ளினில் தொடங்க மூன்று நாள் இருக்கையில், ஜூலை 8 அன்று பெல்ஜியத்திலிருந்து ஒரு சிறு சாலை வழியே பிரான்சுக்குள் நுழைந்தார். சுங்க அதிகாரிகள் அணியின் காரைச் சோதித்தனர். உள்ளே எரித்ரோபொய்ட்டின், வளர்ச்சி ஹார்மோன், டெஸ்டோஸ்டிரோன், ஆம்பெட்டமைன்.

எரித்ரோபொய்ட்டின் சிவப்பணுக்களைப் பெருக்கும். தசைக்குக் கூடுதல் ஆக்சிஜன் கிடைக்கும். அதைக் கண்டறியும் சோதனை அப்போது இல்லை. சிவப்பணுக்களின் பங்கு 50 விழுக்காட்டைத் தாண்டினால் வீரரை நிறுத்திவைப்பது என்பதே 1997இல் வந்த விதி. ஏமாற்றுக்கு வரம்பு கட்டிய விதி என்றே அதைச் சொல்ல வேண்டும். மோசடியை அம்பலப்படுத்தியதும் விளையாட்டுத் துறை அல்ல, சுங்கத் துறைதான்.

அணி இயக்குநர் புருனோ ருசெல் ஒப்புக்கொண்டதும் ஃபெஸ்டினா வெளியேற்றப்பட்டது. மற்ற அணிகளிலும் போலீஸ் சோதனை தொடர, ஜூலை 29 அன்று வீரர்கள் எண் அட்டைகளைக் கிழித்தெறிந்தனர். அன்றைய கட்டம் ரத்தானது. புறப்பட்ட 189 பேரில் 96 பேரே பாரிஸை எட்டினர். நட்சத்திர வீரர் ரிஷார் விராங்க் 2000இல் லீல் நீதிமன்றத்தில்தான் உண்மையைச் சொன்னார். இடையில், 1999இல், உலக ஊக்கமருந்துத் தடுப்பு முகமை உருவானது.

வென்ற மார்கோ பந்தானியின் அவ்வாண்டு மாதிரியிலும் எரித்ரோபொய்ட்டின் இருந்ததை 2013இல் பிரெஞ்சு செனட் அறிக்கை வெளியிட்டது. பட்டம் இன்றும் அவர் பெயரில்தான் உள்ளது.