கடியாரத்துக்குப் பிறந்த பிள்ளை

ஜப்பான் தேசத்தின் நடுவே, மலைகள் அரண் போலச் சூழ்ந்து நிற்கும் நாகானோ பிரதேசத்தில், சுவா என்றொரு ஏரி இருக்கிறது. கடுங்குளிர் வருஷங்களில் அது உறைந்து, பனிக்கட்டி வெடித்து, கரைக்குக் கரை வரப்புப் போல மேலே எழும்பும். எதிர்க்கரையிலுள்ள தம் தேவியைக் காண சுவா தெய்வம் நடந்து சென்ற தடம் அது என்பது ஊர் ஐதிகம். ஏரி எப்போது உறைந்தது என்பதை 1443-ஆம் வருஷம் முதல் கோயில் பூசாரிகள் குறித்து வைத்து வந்திருக்கிறார்கள். காலத்தைக் கவனிப்பது, கவனித்ததை எழுதி வைப்பது - இந்த இரண்டு காரியங்களையுமே தொழிலாகக் கொண்டு அதே ஊரில் பிற்காலத்தில் ஒரு கம்பெனி தோன்றியது. இன்று வீட்டு மேஜைகளிலும் ஆபீஸ் மேஜைகளிலும் உட்கார்ந்திருக்கும் அச்சு யந்திரங்களில் 'எப்ஸன்' என்ற பெயரைப் பார்க்கிறோமே, அந்தக் கம்பெனிதான்.

ஆதியில் சுவாவுக்கும் பக்கத்து ஊரான ஒகாயாவுக்கும் சோறு போட்டது பட்டு. ஏழைக் குடியானவர்களின் பெண்கள் மலைக் கணவாய்களைத் தாண்டி நடந்து வந்து, வெந்நீரில் மிதக்கும் கூடுகளிலிருந்து இழை பிரித்தார்கள். அந்தப் பட்டு கப்பலேறி அமெரிக்கா போயிற்று. 1929-ல் அங்கே பண நெருக்கடி வந்தது. பட்டின் விலை சரிந்தது. அடுத்த பத்து வருஷத்துக்குள் நைலானும் வந்து சேர்ந்தது. பட்டு கைவிட்ட ஊரில் மிஞ்சியவை தெளிந்த நீர், தூசியில்லாத காற்று, நுணுக்க வேலை பழகிய விரல்கள் இவைதாம்.

அவை போதும் என்று நினைத்தவர் யமஸாக்கி ஹிசாவோ. ஊரில் கடியாரக் கடை வைத்திருந்தவர். 1942-ல், யுத்தத்தின் நடுவே, மிஸோ என்னும் சோயா விழுதைச் சேமித்து வைக்கும் பழைய கிடங்கு ஒன்றைச் செப்பனிட்டுக் கடியார உறுப்புகள் செய்யும் பட்டறை ஆரம்பித்தார். மறு வருஷம் 'ஸீகோ' கடியாரக் குழுவின் தொழிற்சாலை ஒன்றும் யுத்த அபாயத்துக்கு ஒதுங்கி அவ்வூருக்கு வந்தது. யுத்தம் முடிந்தது, வந்த தொழில் திரும்பிப் போகவில்லை. 1959-ல் இரண்டும் ஒன்றாகி 'சுவா ஸீகோஷா' என்று பெயர் பெற்றன.

அடுத்த வருஷம் ரோமாபுரியில் ஒலிம்பிக் பந்தயங்கள் நடந்தன. நூறு மீட்டர் நீச்சலில் அமெரிக்கரான லார்ஸனுக்கே குறைந்த நேரம் என்று மூன்று கைக் கடியாரங்களும் சொல்லின. ஆனால் தங்கப் பதக்கம் நடுவர்களின் கண் சொன்னபடி ஆஸ்திரேலியரான டெவிட்டுக்குப் போயிற்று. மனிதக் கையையும் கண்ணையும் நம்பினால் வருகிற வம்பு இது. 1964-ல் டோக்கியோவில் பந்தயங்கள் நடந்தபோது நேரம் கணிக்கும் பொறுப்பு ஸீகோ குழுவுக்குக் கிடைத்தது. ஒரு பீரோ அளவு இருந்த குவார்ட்ஸ் கடியாரத்தை மூன்று கிலோ எடைக்குச் சுருக்கிக் கொடுத்தார்கள் சுவாக்காரர்கள். அதோடு, கணித்த நேரத்தை அப்போதைக்கப்போதே காகிதத்தில் அச்சிட்டுத் தரும் கருவி ஒன்றையும் செய்தார்கள். பேச்சுக்குப் பேச்சு பதில் சொல்லலாம். அச்சடித்த துண்டுச் சீட்டுக்கு யார் பதில் சொல்வது?

பந்தயம் முடிந்ததும் கருவியைப் பரணில் போட்டிருந்தால் கதையும் அதோடு முடிந்திருக்கும். அவர்கள் வேறு விதமாக யோசித்தார்கள். கணக்கிடும் யந்திரங்கள் பெருகிவரும் காலம். கணக்கு வந்தால் அதற்குச் சீட்டும் வேண்டுமே! 1968-ல் 'இ.பி.-101' என்னும் சிறிய அச்சுப்பொறி பிறந்தது. 'இ.பி.' என்றால் எலக்ட்ரானிக் பிரிண்டர். அந்த ஒரு மாதிரியில் மட்டும் 14 லட்சத்து 40 ஆயிரம் விற்றன. 1975-ல் இனி வரப்போகும் சாமான்களுக்குப் பெயர் தேடியபோது, 'இ.பி.' யோடு 'ஸன்' என்னும் ஆங்கிலச் சொல்லை ஒட்டினார்கள். இ.பி.யின் பிள்ளை - எப்ஸன்!

இதனிடையே தாய்த் தொழிலிலும் ஒரு புரட்சி நடந்தது. 1969 டிசம்பர் 25-ல் உலகின் முதல் குவார்ட்ஸ் கைக்கடியாரத்தை ஸீகோ விற்பனைக்குக் கொண்டுவந்தது. செய்தது சுவா. விலை நாலரை லட்சம் யென். அப்போது அந்தப் பணத்துக்கு ஒரு சிறு மோட்டார் காரே வாங்கலாம். வருஷங்கள் போகப்போக விலை சரிந்தது. ஸ்விட்ஜர்லாந்தில் கடியாரத் தொழிலை நம்பியிருந்த சுமார் 90,000 பேர், 1980-களில் முப்பதாயிரம் சொச்சமாகக் குறைந்தார்கள். பட்டு சாய்ந்தபோது சுவா பட்ட பாட்டை, சுவாவின் கைத்திறனால் அந்த மலைநாடு படவேண்டி வந்தது. நல்ல கடியாரம் மலிவாகிவிட்டால் செய்தவனுக்கும் லாபம் மெலியத்தானே செய்யும்? எப்ஸனைக் காப்பாற்ற அப்போது பிள்ளை வளர்ந்து நின்றது.

1980-ல் வந்த 'எம்.எக்ஸ்.-80' ஊசி அச்சுப்பொறி அந்தப் பிள்ளையின் யௌவனம். ஒன்பது ஊசிகள் மை நாடாவைக் குத்திக் குத்திப் புள்ளிகளால் எழுத்தை உண்டாக்கும். மறு வருஷம் ஐ.பி.எம். கம்பெனி தன் சொந்தக் கம்ப்யூட்டரை வெளியிட்டபோது, தன் பெயரைப் பொறித்து அதனுடன் விற்ற அச்சு யந்திரம் இதுவே. தனி மனிதன் வீட்டில் கம்ப்யூட்டர் புகுந்தபோது, பக்கத்திலேயே அச்சுக்கூடமும் புகுந்துவிட்டது.

அடுத்த படிதான் எனக்குப் பெரிய அதிசயமாகத் தோன்றுகிறது. சில படிகங்களை அழுத்தினால் அவற்றில் மின்சாரம் தோன்றும் என்று 1880-ல் பிரான்ஸில் கியூரி சகோதரர்கள் கண்டுபிடித்தார்கள். மின்சாரம் பாய்ச்சினால் படிகம் அசையும் என்பது அதன் மறுபக்கம். குவார்ட்ஸ் கடியாரம் ஓடுவது இந்தத் தத்துவத்தால்தான். அதே தத்துவத்தை வைத்து, மின்சாரம் பட்டதும் நெளியும் பீங்கான் தகட்டால் மைத்துளியை உந்தித் தள்ளும் முறையை எப்ஸன் எடுத்தது. மற்றவர்கள் மையைச் சூடாக்கிக் குமிழியெழுப்பித் தெறிக்கவிட்டார்கள். இவர்கள் சூடில்லாமலே பீச்சினார்கள். 1993-ல் வந்த மாதிரிகளில் இந்த முறை சிறு வடிவம் பெற்றது. 1994-ல் வர்ணப் படங்களும் வீட்டிலேயே அச்சாயின.

புகழ்ந்தது போதும், மை விஷயத்துக்கு வருவோம். யந்திரத்தை மலிவாக விற்று, மைப்பெட்டியில் லாபம் பார்ப்பது இத்தொழிலின் பொது வழக்கம். எப்ஸனும் அதற்கு விலக்கல்ல. பெட்டியில் மை மிச்சமிருக்கும்போதே 'தீர்ந்துவிட்டது' என்று யந்திரம் சொல்கிறதென்று அமெரிக்காவில் வழக்கு நடந்து, 2006-ல் சமரசமாயிற்று. இந்தோனேஷியாவிலோ ஜனங்கள் வழக்குக்குப் போகவில்லை. யந்திரத்துக்கு வெளியே புட்டிகளைக் கட்டி, ரப்பர்க் குழாய் செருகி, மலிவு மையை ஊற்றிக்கொண்டார்கள். அதைக் குறும்பு என்று தள்ளாமல், 2010-ல் அந்த நாட்டிலேயே, மை ஊற்றிக்கொள்ளும் தொட்டியோடு கூடிய யந்திரத்தை எப்ஸன் முதலில் விற்றது. யந்திரத்துக்கு விலை கூட, மைக்கு விலை குறைவு. பிறகு அது உலகெங்கும் பரவியது.

கம்பெனியின் தலைமை ஆபீஸ் இன்னும் சுவாவில்தான் இருக்கிறது. பெரிய தொழில்கள் பெரிய திட்டங்களால் மட்டுமே பிறக்கின்றன என்று நினைக்கிறவர்களுக்கு இந்தச் சரித்திரம் ஒரு பதில். பந்தய நேரத்துக்கு ஒரு சீட்டுக் கேட்டார்கள், அச்சுப்பொறி பிறந்தது. மை கட்டுப்படியாகவில்லை என்று ரப்பர்க் குழாய் செருகினார்கள், தொட்டி பிறந்தது. இரண்டு தடவையும் வழி காட்டியது மற்றவர்களுடைய தேவை. எப்ஸனின் கெட்டிக்காரத்தனம், அந்தத் தேவையைக் காது கொடுத்துக் கேட்டதுதான்.