தாய்வீட்டு மூன்று மாதங்கள்

மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் பிள்ளை பெற்றவளைப் ‘பச்சை உடம்புக்காரி’ என்பர். அவளுக்குக் கால் மரத்தாலும் கண் மங்கினாலும், குளிர்ந்த நீரைத் தொட்ட குற்றமென்று பாட்டிமார் தீர்ப்புக் கூறிவிடுவர். அவற்றுள் சிலவற்றுக்கேனும் தண்டுவட மரப்பு நோய் காரணமாயிருந்திருக்கலாம். மருத்துவர் இதனை மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் என்பர்.

1868இல் பாரிஸ் நகரத்துப் பேராசிரியர் ஷார்கோ இதனைத் தனியொரு நோயாக வரையறுத்தார். மின்கம்பியின் உறைபோல நரம்பிழைகளைப் போர்த்தியுள்ள உறையை, உடலைக் காக்க வேண்டிய எதிர்ப்பாற்றலே சிதைக்கிறது. வேலியே பயிரை மேய்கிற கதை! பெண்டிரையே மிகுதியும், அதிலும் பிள்ளை பெறும் பருவத்தில் பற்றுவது இதன் கொடுமை.

ஆகவே மேல்நாட்டு மருத்துவர் பலர், இந்நோயுடையோர் கருவுறலாகாது என்றே நெடுங்காலம் தடுத்து வந்தனர். நம் நாட்டிலோ இது குளிர்நாட்டு நோய் என்ற எண்ணம் இருந்தது. 1954இல் மதுரை மருத்துவக் கல்லூரி தோன்றியபோது, மூளையைப் படம் பிடிக்கும் எம்.ஆர்.ஐ. கருவி உலகில் எங்குமே இல்லை. அது வந்த பின்னரே நம்மவரிடையேயும் இந்நோய் தெளிவாகத் தெரியலாயிற்று.

என்னிடம் பயின்ற பெண்ணொருத்தி, மணமான பின் இந்நோய்க்கு ஆளாகி, “ஐயா, நான் பிள்ளை பெறலாமா?” என்று கேட்டாள். வரலாற்று ஆசிரியனிடம் கேட்கத்தக்க கேள்வியன்று. எனினும் அதன்பொருட்டே இவற்றைத் தேடிப் படித்தேன்.

நேயர்களே, விடை 1998இலேயே வந்துவிட்டது. பிரெஞ்சு மருத்துவர் கோன்பாவ்ரேயும் துணைவரும் 12 ஐரோப்பிய நாடுகளில் 254 பெண்களின் 269 கருப்பேறுகளை ஆராய்ந்தனர். கருவுறுமுன் பத்துப் பெண்களை ஆண்டுக்கு ஏழு முறை தாக்கிய நோய், கருவின் கடைசி மூன்று மாதங்களில் இரண்டு என்ற வீதத்துக்கு இறங்கியது. குழந்தையின் கூறுகளிற் பாதி தந்தையுடையவை. அதனை அயலென்று தாக்காதிருக்கத் தாயின் எதிர்ப்பாற்றல் தணிகிறது. உடன் நோயும் தணிகிறது. பிள்ளை பிறந்தபின் முதல் மூன்று மாதங்களில் வீதம் பன்னிரண்டாக ஏறிப் பின்னர் பழைய நிலைக்கு மீண்டது. அம்மாதங்களிலும் நோய் திரும்பியவர் நூற்றுக்கு 28 பேரே. இரண்டாண்டுக் கணக்கில் பிள்ளைப்பேற்றால் முடம் விரைவுபடவில்லை என்று 2004இல் எழுதினர்.

அவளிடம் இதனைக் கூறினேன். மருந்துகளுள் சில கருவுக்கு ஆகா. கருவுறுமுன்பே நரம்பியல் மருத்துவரைக் கேள் என்றும் சொன்னேன்.

வளைகாப்பு முடிந்து தாய்வீடு செல்பவள், குழந்தைக்கு மூன்றாம் மாதமோ ஐந்தாம் மாதமோ ஆனபின் புகுந்தவீடு திரும்புவது நம் வழக்கம். அந்த அபாயக் காலம் முழுவதும் தாயின் கைக்குள் கழிகிறது. இது நோயைத் தடுக்குமென்று நான் கூறவில்லை. இரவில் குழந்தையை ஏந்த இன்னொரு கை கிடைக்கிறது. இரண்டாம் பேற்றுக்குத்தான் பல வீடுகளில் அந்த ஓய்வும் இல்லை.