செல் சவ்வின் இரு முகங்கள்: பாஸ்போலிப்பிடுகளின் இடமும் பணியும்

பாஸ்போலிப்பிடுகளைச் செல்லின் உள்ளையும் புறத்தையும் பிரிக்கும் தடுப்புப் பொருளாக மட்டுமே பாடநூல்கள் பெரும்பாலும் அறிமுகப்படுத்துகின்றன. இவ்வரையறை பிழையன்று, ஆயினும் சவ்வின் எந்த அடுக்கில் எந்த பாஸ்போலிப்பிடு இருக்க வேண்டும் என்பதைச் செல் தன் ஆற்றலைச் செலவிட்டுக் காத்து வருவது ஏன் என்ற வினாவுக்கு அதில் விடையில்லை. இம்மூலக்கூறுகளின் உயிரியல் பொருளை அவற்றின் வேதி அமைப்போடு அவை நிற்கும் பக்கமும் சேர்ந்தே தீர்மானிக்கிறது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

கிளிசராலின் மூன்று கார்பன்களில் இரண்டில் கொழுப்பு அமிலங்களும் மூன்றாவதில் பாஸ்பேட்டும் இணைந்திருக்க, அந்தப் பாஸ்பேட்டோடு கோலின், எத்தனாலமைன், செரின், இனோசிட்டால் ஆகியவற்றுள் ஒன்று சேரும்போது முதன்மையான வகைகள் உருவாகின்றன. ஸ்பிங்கோமையலினில் மட்டும் கிளிசராலின் இடத்தில் ஸ்பிங்கோசின் என்னும் நீண்ட சங்கிலி அமைந்துள்ளது. தலைப்பகுதி நீரை நாடுவதாலும் வால்கள் நீரை விலக்குவதாலும் இவை நீரில் தாமாகவே ஈரடுக்காக அமைந்துகொள்கின்றன.

சவ்வு ஈரடுக்கானது என்ற முடிவுக்கு 1925-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த கோர்ட்டர், கிரெண்டல் இருவரும் வந்தனர். சிவப்பணுக்களிலிருந்து அசிட்டோனால் பிரித்த கொழுப்பை நீர்ப்பரப்பில் ஒற்றை மூலக்கூறுத் தடிமனில் பரப்பியபோது, அது அச்செல்களின் புறப்பரப்பைப் போல ஏறத்தாழ இரு மடங்கு இடத்தை அடைத்தது. அசிட்டோன் கொழுப்பு முழுவதையும் கரைத்தெடுக்கவில்லை என்பதும், செல்லின் பரப்பு குறைவாகக் கணிக்கப்பட்டிருந்தது என்பதும் பிற்காலத்தில் தெரியவந்தன. இரு பிழைகளும் ஒன்றையொன்று ஈடுசெய்ததால் சரியான முடிவு கிடைத்தது என்பது அறிவியல் வரலாற்றின் சுவையான முரண்களில் ஒன்று.

அவ்விரு அடுக்குகளும் ஒன்றுபோல் இருப்பதில்லை என்பதுதான் அடுத்துத் தெளிந்த உண்மை. மனிதச் சிவப்பணுவில் பாஸ்பாட்டிடைல்கோலினும் ஸ்பிங்கோமையலினும் பெரும்பாலும் வெளியடுக்கிலும், எதிர்மின்னூட்டமுள்ள பாஸ்பாட்டிடைல்செரின் ஏறக்குறைய முழுவதும் உள்ளடுக்கிலும் அமைந்துள்ளன. மின்னூட்டம் தாங்கிய தலை நீர்வெறுக்கும் நடுப்பகுதியைக் கடந்து தானாக மறுபக்கம் செல்வது மிக அரிது. வெளியே வந்துவிடும் செரின் வகையை ஃபிளிப்பேஸ் என்னும் நொதிகள் ஏடிபி ஆற்றலைச் செலவிட்டு மீண்டும் உள்ளே திருப்புகின்றன. வெறும் தடுப்புச் சுவருக்கு இத்தகைய செலவு தேவைப்படாது.

செலவின் பயன் ஒழுங்கு குலையும் தருணத்தில் வெளிப்படுகிறது. காயத்தருகே கிளர்வுற்ற இரத்தத் தட்டணுவினுள் கால்சியம் மிகும்போது, ஸ்கிராம்ப்ளேஸ் எனப்படும் புரதம் இரு அடுக்குகளின் கொழுப்புகளையும் கலந்துவிடுகிறது. வெளியே தோன்றிய செரின் வகை, கால்சியத்தின் துணையோடு உறைவுக் காரணிகளைச் சவ்வின்மேல் ஒருங்குசேர்க்க, திராம்பின் உற்பத்தி பன்மடங்கு விரைவடைகிறது. அதே மூலக்கூறு, திட்டமிட்ட சாவை அடையும் செல்லின் புறத்தே தோன்றினால், பெருவிழுங்கிச் செல்களுக்கு அது விழுங்குவதற்கான அழைப்பாகிறது. இரண்டிடத்தும் மூலக்கூறு புதிதாகத் தயாரிக்கப்படவில்லை, இருந்ததே பக்கம் மாறியது. இனோசிட்டால் வகையின் நிலை வேறு: அதன் பாஸ்பேட் ஏற்ற வடிவம் உள்ளடுக்கில் இருந்தவாறே நொதியால் பிளக்கப்பட்டுச் சமிக்ஞைகளைத் தருகிறது.

ஒரே குறி இரு பொருள் தருமானால் செல்கள் குழம்பாதா என்ற ஐயம் நியாயமானது. அதற்கான விடையை ஸ்காட் நோய்க்குறி என்னும் அரிய இரத்தப்போக்குக் கோளாறு தருகிறது. இந்நோயாளிகளின் தட்டணு எண்ணிக்கையும் உறைவுக் காரணிகளும் இயல்பாக இருந்தும், தட்டணுவின் செரின் வகை வெளியே வருவதில்லை. கியோத்தோ பல்கலைக்கழகத்தில் நாகாட்டா குழுவினர் 2010-இல் வெளியிட்ட ஆய்வு, இதற்கு டிஎம்இஎம்16எஃப் என்னும் ஸ்கிராம்ப்ளேஸ் புரதத்தின் மரபணுப் பிறழ்வே காரணம் எனக் காட்டியது. ஆனால் இந்நோயாளிகளின் நிணநீர்ச் செல்கள் திட்டமிட்ட சாவின்போது செரின் வகையை வழக்கம்போல் வெளிக்காட்டுகின்றன. அங்கே எக்ஸ்கேஆர்8 என்னும் வேறொரு புரதம், கேஸ்பேஸ் நொதியால் வெட்டுண்டு, மீளவியலாதபடி இயங்கத் தொடங்குகிறது. அதே நொதி ஃபிளிப்பேஸையும் வெட்டிச் செயலிழக்கச் செய்வதால், வெளிவந்த செரின் வகை உள்ளே திரும்புவதற்கான வழியும் அடைபட்டுவிடுகிறது.