அரசின்மைவாதமும் அதன் மீதான மறுப்புகளும்: ஒரு வரலாற்று ஆய்வு (1793–1939)

முன்னுரை

அரசு என்ற அமைப்பு இல்லாமலேயே மனிதர்கள் கூடி வாழவும் உழைக்கவும் முடியும் என்பது அனார்க்கிசம் எனப்படும் அரசின்மைவாதத்தின் அடிப்படை நம்பிக்கை. இதைக் கேட்டதும் எழும் கேள்விகள் நமக்குப் பழக்கமானவைதாம். திருடனை யார் பிடிப்பது? யாரும் விரும்பாத வேலையை யார் செய்வது? எல்லையில் படை வந்து நின்றால் யார் தடுப்பது? பெரும்பாலோர் இக்கேள்விகளோடு விவாதத்தை முடித்துக்கொள்கிறார்கள். ஆனால், இத்தகைய மறுப்புகளை ஒவ்வொன்றாக எதிர்கொண்டுதான் அரசின்மைவாதம் தன் வடிவத்தைப் பெற்றது. காட்வின் நூல் வெளிவந்த 1793 முதல் பார்சலோனா வீழ்ந்த 1939 வரை ஐரோப்பாவில் இக்கோட்பாடு கண்ட வளர்ச்சியை மறுப்புகளின் வழியே ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கம். எந்த மறுப்புக்கு அது விடை கண்டது, எங்கே விடையின்றி நின்றது என்பதைப் பிரித்தறிந்தால்தான் அதை நேர்மையாக மதிப்பிட முடியும்.

1. அடிப்படைக் கருத்துகள்

பிரெஞ்சுப் புரட்சி கொந்தளித்துக்கொண்டிருந்த 1793இல் இங்கிலாந்தின் வில்லியம் காட்வின் அரசியல் நீதி பற்றிய தம் பெருநூலை வெளியிட்டார். அரசாங்கம் மனிதனின் சொந்த அறிவையும் பொறுப்புணர்வையும் மழுங்கடிக்கிறது. கல்வியும் விவாதமும் பெருகப் பெருக அதன் தேவை குறையும் என்பது அவர் வாதம். அவர் தம்மை அரசின்மைவாதி என்று அழைத்துக்கொள்ளவில்லை. அப்பெயரை முதலில் விரும்பி ஏற்றவர் பிரான்சின் பெசான்சோன் நகரில் பிறந்து, அச்சகத்தில் எழுத்துக் கோத்துப் பிழைத்த பியர் ஜோசப் புரூதோன். 1840இல் வெளிவந்த 'சொத்து என்றால் என்ன?' என்ற நூலில், உழைப்பவன் தன் வீட்டையும் நிலத்தையும் கருவியையும் வைத்து ஆளுவதை அவர் ஏற்றார். பிறர் உழைப்பிலிருந்து வாடகையும் வட்டியும் பறிக்கும் உடைமையைத் திருட்டு என்றார். வட்டிச் சுமையிலிருந்து கைவினைஞரை விடுவிக்க 1849இல் அவர் தொடங்கிய மக்கள் வங்கி, அவருக்குச் சிறைத்தண்டனை விதிக்கப்பட்டதால் தொடக்கத்திலேயே மூடப்பட்டது.

புரூதோனுக்குப் பின் ரஷ்யாவின் மிகயீல் பக்கூனின் இக்கருத்துகளைத் தொழிலாளர் இயக்கத்துக்குள் கொண்டுவந்தார். அதற்குள் நான்கு கொள்கைகள் தெளிவாகிவிட்டன. அதிகாரம் செலுத்துபவரே அதற்கான நியாயத்தைக் காட்டக் கடமைப்பட்டவர் என்பது முதலாவது. அரசியல் ஆதிக்கமும் பொருளாதார ஆதிக்கமும் ஒன்றையொன்று தாங்கி நிற்பவை, ஒன்றை விட்டு மற்றொன்றை ஒழிக்க முடியாது என்பது இரண்டாவது. ஊர்களும் தொழிற்குழுக்களும் கீழிருந்து மேலாகக் கூட்டமைப்பாக இணைய வேண்டும், அவற்றின் பேராளர்களை அனுப்பியவர்களே திரும்ப அழைக்கலாம் என்பது மூன்றாவது. அடையவிருக்கும் இலக்குக்கு ஒவ்வாத வழியில் சென்று அவ்விலக்கை அடைய முடியாது என்பது நான்காவது. பின்னால் எழுந்த மறுப்புகள் எல்லாம் இந்நான்கில் ஏதேனும் ஒன்றின் மீதே விழுந்தன.

2. முதல் மறுப்பு: அதிகாரம் இல்லாமல் ஒழுங்கு ஏது?

1864இல் லண்டனில் தொடங்கப்பட்ட பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பான முதலாம் அகிலம் 1872 செப்டம்பரில் ஹேக் மாநாட்டில் உடைந்தது. மார்க்சின் ஆதரவாளர்கள் பக்கூனினையும் அவர் தோழர் ஜேம்ஸ் கியோமையும் வெளியேற்றினர். சில நாட்களிலேயே சுவிட்சர்லாந்தின் சான் இமியே என்ற சிற்றூரில் எதிரணியினர் கூடித் தங்கள் அகிலத்தை அறிவித்தனர். அது ஜூரா மலைப்பகுதிக் கடிகாரத் தொழிலாளர்களின் ஊர். சிறு பட்டறைகளில் அமர்ந்து வேலை செய்துகொண்டே நூல்களையும் கொள்கைகளையும் விவாதித்த அத்தொழிலாளர்களிடம் அதே ஆண்டில் சில நாள் தங்கிய ரஷ்ய இளவரசர் பீட்டர் குரோபோட்கின், அங்கிருந்து அரசின்மைவாதியாகத் திரும்பினார்.

இப்பிளவை ஒட்டி மார்க்சின் தோழர் ஏங்கெல்ஸ் அதிகாரம் குறித்து எழுதிய சிறு கட்டுரை இன்றும் கூர்மை குன்றாதது. பஞ்சாலை, ரயில், கடலில் செல்லும் கப்பல் என்று மூன்று எடுத்துக்காட்டுகளை அவர் தருகிறார். நீராவி இயந்திரம் ஓடும் ஆலையில் வேலை நேரத்தைப் பெரும்பான்மை முடிவு செய்தாலும் பேராளர் முடிவு செய்தாலும் அனைவரும் அதற்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும். ஆகவே அதிகாரத்தை ஒழிப்பது என்பது பெருந்தொழிலையே ஒழிப்பது என்கிறார்.

இதற்கான பதிலின் வித்து பக்கூனினிடமே இருந்தது. செருப்பு தைப்பவரிடம் செருப்பைப் பற்றிய அவர் அறிவுக்குத் தாம் பணிவதாகவும், எந்த அறிஞரும் அவ்வறிவைத் தம் மீது திணிப்பதை ஏற்பதில்லை என்றும் அவர் பிரித்துச் சொன்னார். குரோபோட்கின் 1892இல் வெளியிட்ட 'ரொட்டியின் வெற்றி' என்ற நூலில் ரயிலையே சான்றாக எடுத்துக்கொண்டார். ஐரோப்பாவின் ரயில் பாதைகள் பல நாடுகளில் பல நிறுவனங்களால் துண்டு துண்டாகப் போடப்பட்டவை. ஆயினும் ஒரே சீட்டில் பல எல்லைகளைக் கடக்க முடிந்தது. இதற்கு ஒரு நடுவண் ரயில் ஆட்சி தேவைப்படவில்லை. கடிதங்களும் பேராளர் கூட்டங்களுமே போதுமானவையாக இருந்தன. பெரிய நிறுவனங்கள் சிறியவற்றை நசுக்கியதையும் அவர் மறைக்கவில்லை. ஒருங்கிணைப்புக்குக் கட்டுப்பாடு வேண்டும், ஆனால் கட்டுப்பாடு மேலிருந்து வந்தே தீர வேண்டியதில்லை என்பதே இவ்விவாதத்தில் கிடைத்த தெளிவு. ஏங்கெல்சின் மறுப்பால் கோட்பாடு கூர்மை பெற்றது.

3. இரண்டாம் மறுப்பு: மனித இயல்பு இடம் கொடுக்குமா?

ஆங்கிலச் சிந்தனையாளர் ஹாப்ஸ் 1651இலேயே, அச்சுறுத்தி ஆள ஒருவர் இல்லையென்றால் மனிதர் ஒருவரோடொருவர் போரிட்டு அழிவர் என்று எழுதியிருந்தார். டார்வினுக்குப் பின் இவ்வாதம் அறிவியல் உடை அணிந்தது. 1888இல் தாமஸ் ஹக்ஸ்லி, வாழ்க்கைப் போராட்டத்தை ஓயாத மோதலாகச் சித்திரித்து ஒரு கட்டுரை வெளியிட்டார். இளமையில் சைபீரியாவில் ஐந்தாண்டுகள் பணியாற்றி, பனிப்புயலிலும் வெள்ளத்திலும் விலங்குகள் கூட்டமாகப் பிழைப்பதை நேரில் கண்டிருந்த குரோபோட்கினுக்கு அது ஒப்பவில்லை. அவர் தொடர்ச்சியாக எழுதிய மறுமொழிகள் 1902இல் 'பரஸ்பர உதவி' என்ற நூலாயின. எறும்பும் தேனீயும் தொடங்கி இடைக்கால நகரங்களின் கைவினைச் சங்கங்கள் வரை அந்நூல் பேசுகிறது. போட்டி உண்டு என்பதை அவர் ஏற்றார். பிழைத்து நிலைக்கும் இனங்களில் ஒத்துழைப்பும் அதே அளவு வலிய சக்தி என்று வாதிட்டார்.

உழைக்க மறுப்பவனை என்ன செய்வது என்ற கேள்விக்கு 'ரொட்டியின் வெற்றி'யில் தனி அத்தியாயமே இருக்கிறது. நாளுக்கு நான்கைந்து மணி நேரம் உழைத்தால் அனைவருக்கும் போதும் என்பது அவர் கணிப்பு. அதையும் தட்டிக் கழிப்பவனை அவன் குழுவினரே விலக்கிவிடலாம்; அதற்குக் காவலரும் நீதிபதியும் வேண்டியதில்லை என்கிறார்.

இதன் மீது பிற்கால ஆய்வு பாய்ச்சிய ஒளியையும் குறிப்பிட வேண்டும். பொதுச் சொத்தை மக்கள் சூறையாடியே தீர்வர் என்று கேரட் ஹார்டின் 1968இல் எழுதினார். எலினோர் ஆஸ்ட்ரம் 1990இல் வெளியிட்ட ஆய்வு, அது எப்போதும் உண்மையாகாது என்று காட்டியது. அவர் எடுத்துக்காட்டியவற்றுள் ஸ்பெயினின் வலென்சியா பாசனமும் ஒன்று. அங்கே வாய்க்கால் உழவர்கள் தேர்ந்தெடுத்த நடுவர்கள் வியாழன்தோறும் நண்பகலில் பேராலய வாசலில் கூடி, தண்ணீர் வழக்குகளை வாய்மொழியாகவே விசாரித்துத் தீர்க்கிறார்கள். ஆயினும் ஆஸ்ட்ரம் அரசின்மைவாதி அல்லர்; இத்தகைய அமைப்புகள் நீடிக்க அரசு அவற்றின் உரிமையை மதிப்பதும் தேவை என்றே அவர் எழுதினார். எனவே மனித இயல்பைக் காட்டி அரசின்மைவாதத்தை ஒதுக்குவது வலுவான வாதம் அன்று. அதே நேரத்தில், அரசே வேண்டாம் என்பதற்கு இச்சான்று முழுமையாகவும் போதாது.

4. மூன்றாம் மறுப்பு: வன்முறை

இந்த மறுப்பைப் பெரிதும் தேடிக்கொண்டவர்கள் அரசின்மைவாதிகளே. செயலே பிரசாரம் என்ற முழக்கத்தின் கீழ் தனிமனிதர்கள் நடத்திய கொலைகள் உலகை நடுங்கவைத்தன. பிரெஞ்சுக் குடியரசுத் தலைவர் கார்னோ (1894), ஸ்பெயின் பிரதமர் கானோவாஸ் (1897), ஆஸ்திரியப் பேரரசி எலிசபெத் (1898), இத்தாலிய மன்னர் உம்பெர்ட்டோ (1900), அமெரிக்க அதிபர் மெக்கின்லி (1901) என்று பட்டியல் நீண்டது. 1898இல் ரோமில் ஐரோப்பிய அரசுகள் இதற்கென்றே மாநாடு கூட்டின.

பழி ஒருபக்கமாக மட்டும் விழவில்லை. 1886 மே மாதம் சிகாகோவின் ஹேமார்க்கெட்டில் குண்டு வெடித்தபோது, அதை வீசியவர் யார் என்பது மெய்ப்பிக்கப்படாமலேயே அரசின்மைவாதிகள் எட்டுப் பேர் தண்டிக்கப்பட்டனர், நால்வர் தூக்கிலிடப்பட்டனர். 1893இல் ஆளுநர் ஆல்ட்கெல்ட், விசாரணை நியாயமற்றது என்று கூறி, சிறையிலிருந்த மூவரை விடுவித்தார். மே தினத்தின் வேர் இந்த வழக்கில் இருக்கிறது.

கொலைகளால் எந்த அரசும் சாயவில்லை, அடக்குமுறையே பெருகியது. நூற்றாண்டுகளாக எழுந்த அமைப்பைச் சில கிலோ வெடிமருந்து தகர்த்துவிடாது என்ற கருத்துக்கு 1890களிலேயே குரோபோட்கின் வந்திருந்தார். இயக்கம் தொழிற்சங்கத்தின் பக்கம் திரும்பியது. 1910இல் பார்சலோனாவில் சிஎன்டி என்ற தொழிற்சங்கக் கூட்டமைப்பு உருவானது. 1919இல் அந்நகரின் 'கனடியன்' மின் நிறுவனத்தில் எட்டு ஊழியர்கள் நீக்கப்பட்டதில் தொடங்கிய வேலைநிறுத்தம் 44 நாட்கள் நீடித்து நகரையே இருளில் ஆழ்த்தியது. அதன் விளைவாக ஸ்பெயின் அரசு எட்டு மணி நேர வேலைநாளை ஆணையாக்கியது. கத்தியும் குண்டும் இருபது ஆண்டுகளில் பெறாததை, கைகட்டி நின்ற தொழிலாளர்கள் ஆறே வாரங்களில் பெற்றனர்.

5. நான்காம் மறுப்பு: இடைக்கால அரசு வேண்டாமா?

இலக்கு அரசற்ற சமூகமே, ஆனால் அதை அடையப் பாட்டாளிகளின் அரசு ஒன்று இடையில் வேண்டும் என்றனர் மார்க்சியர். 1873இல் வெளியிட்ட நூலில் பக்கூனின், ஆட்சியாளராகும் தொழிலாளி தொழிலாளியாக நீடிப்பதில்லை என்று எச்சரித்தார். மார்க்ஸ் அந்நூலைப் படித்துக் குறிப்பெழுதும்போது, நகரசபை உறுப்பினரான முதலாளி முதலாளியாக இல்லாமல் போய்விடுகிறானா என்று திருப்பிக் கேட்டார். விடை, ரஷ்யப் புரட்சிக்குப் பின் 1921 மார்ச்சில் வந்தது. சோவியத்துகளுக்குச் சுதந்திரத் தேர்தலும் பேச்சுரிமையும் கேட்ட குரோன்ஸ்டாட் மாலுமிகளைச் செம்படை ஒடுக்கியது.

அந்தத் திருப்பத்தில் ஒரு தமிழ்நாட்டுத் தொடர்பும் உண்டு. 1887இல் சென்னையில் பிறந்து, பாரதியாருடன் 'இந்தியா' இதழில் பணியாற்றிய எம்.பி.டி. ஆச்சார்யா, 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களுள் ஒருவர். எம்.என்.ராயுடன் முரண்பட்டு விலகிய அவர், பெர்லினுக்குச் சென்று அரசின்மைவாதியானார். 1935இல் பம்பாய் திரும்பி, 1954இல் இறக்கும் வரை அக்கொள்கையில் உறுதியாக நின்று எழுதினார். புரட்சி அரசின் தொட்டிலருகே இருந்தவரே இம்முடிவுக்கு வந்தார் என்பது எளிதில் தள்ளக்கூடிய சாட்சியம் அன்று.

6. ஐந்தாம் மறுப்பு: நடைமுறைக்கு ஒத்துவருமா?

1936 ஜூலை 19 அன்று பார்சலோனாவில் ராணுவக் கலகத்தைத் தொழிலாளர்கள் முறியடித்தனர். நிறுவன நிர்வாகிகள் பலர் ஓடிவிட்ட நிலையில், சங்கங்கள் தொழில்களைக் கையிலெடுத்தன. டிராம் போக்குவரத்து இதற்குத் தெளிவான சான்று. தெருவெங்கும் தடுப்பரண்கள், கவிழ்ந்த பெட்டிகள், அறுந்த மின்கம்பிகள். சங்கம் அமைத்த எழுவர் குழு நகரைச் சுற்றிப் பார்த்துப் பழுதுகளைக் கணக்கெடுத்தது. ஐந்தே நாட்களில் டிராம்கள் ஓடின. வழக்கமான 600 வண்டிகளுக்குப் பதில் 700 வண்டிகள், பக்கங்களில் சாய்வாகச் சிவப்பும் கறுப்பும் பூசப்பட்டு. இவ்விவரங்களைத் தருபவர் இயக்கத்தைச் சேர்ந்த காஸ்டன் லெவால் என்பதால் எண்களைச் சற்று எச்சரிக்கையோடு கொள்ள வேண்டும். எனினும் முதலாளி இல்லாமல் ஒரு பெருநகரின் போக்குவரத்து இயங்கியது என்பதில் ஐயமில்லை.

கசப்பான பக்கமும் உண்டு. அரகோன் சிற்றூர்களில் பல உழவர்கள் மனமுவந்து நிலத்தைப் பொதுவாக்கினர். சில இடங்களில் ஆயுதக் குழுக்களின் நிழலில், அச்சத்தால் சேர்ந்தவர்களும் இருந்தனர். 1936 நவம்பரில் சிஎன்டியின் நால்வர் அமைச்சர்களாயினர். அரசை ஒழிக்க வந்தவர்கள் அரசுக்குள் சென்றது, போர்க்காலத்துக்கு அவர்களிடம் வேறு திட்டம் இல்லாததைக் காட்டியது. 1937 மே மாதம் பார்சலோனாத் தெருக்களில் குடியரசுத் தரப்பினரே தங்களுக்குள் சுட்டுக்கொண்டனர். ஆகஸ்டில், அரசின்மைவாதிகள் நடத்திவந்த அரகோன் மன்றம் கலைக்கப்பட்டது. 1939 ஜனவரி 26 அன்று பார்சலோனா கலகப்படையின் தலைவர் பிராங்கோவிடம் வீழ்ந்தது. உற்பத்தியைப் பற்றிய மறுப்புக்கு டிராம் பதில் சொன்னது. படையெடுப்பைப் பற்றிய மறுப்பு பதிலின்றி நின்றது.

7. ஆறாம் மறுப்பு: ஊர் தரும் விடுதலை யாருக்கு?

அரசு விலகினால் அந்த இடத்தில் ஊர்ப் பெரியவர்கள் அமர்வார்கள் என்பது, நம் நாட்டவர் மறந்துவிடக் கூடாத மறுப்பு. 1948 நவம்பர் 4 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர், கிராமம் குறுகிய மனப்பான்மையும் வகுப்புவாதமும் குடிகொண்ட இடம் என்று சாடி, தனிமனிதரையே அரசியல் சட்டத்தின் அலகாகக் கொண்டதை வரவேற்றார். சேரியிலிருந்து பார்ப்பவருக்கு ஊரின் தன்னாட்சி விடுதலையாகத் தெரியாது.

பக்கூனின் இதை உணர்ந்திருந்தார். ரஷ்யக் கிராம சமூகத்தைப் போற்றிய தம் காலத்தவர்களிடையே, அதன் ஆணாதிக்கக் குடும்பமுறையையும், தனிமனிதரை ஊர் விழுங்குவதையும், ஜார் மீதான பக்தியையும் அவர் கண்டித்தார். 1936இல் ஸ்பெயினின் அரசின்மைவாதப் பெண்கள், சொந்த இயக்கத்து ஆண்களின் ஆதிக்கத்தைப் பொறுக்காமல், 'சுதந்திரப் பெண்கள்' என்ற தனி அமைப்பைக் கண்டனர். இயக்கம் அவர்களுக்குச் சம அங்கீகாரம் தர மறுத்தது. நோய் எது என்று கோட்பாடு அறிந்திருந்தது. மருந்தை அதனால் கொடுக்க முடியவில்லை.

முடிவுரை

ஆய்ந்தவற்றிலிருந்து மூன்று முடிவுகள் பெறப்படுகின்றன. ஒழுங்கமைப்பு, மனித இயல்பு, உற்பத்தி ஆகியவை பற்றிய மறுப்புகள், அவற்றைச் சொல்வோர் நினைக்கும் அளவுக்கு வலுவானவை அல்ல. வன்முறை பற்றிய மறுப்பு ஒரு காலகட்டத்துக்கு முற்றிலும் பொருந்தியது. அதை இயக்கமே தொழிற்சங்கப் போராட்டத்தால் திருத்திக்கொண்டது. படையெடுப்பைத் தடுப்பது, ஊருக்குள் எளியோரைக் காப்பது ஆகிய இரண்டுக்கும் அரசின்மைவாதம் நிறைவான விடை தரவில்லை. இவ்விரண்டையும் கண்ட பின்பும், அரசே வேண்டாம் என்ற முடிவை இக்கட்டுரையாளர் ஏற்கவில்லை.

ஆனால், அதிகாரம் செலுத்துபவரே அதற்கு நியாயம் காட்ட வேண்டும் என்ற முதற்கொள்கை இன்றும் அசையாமல் நிற்கிறது. வருவாய் அலுவலகம் முதல் நாடாளுமன்றம் வரை, ஆலை முதல் வீடு வரை, எந்த அதிகாரத்திடமும் அக்கேள்வியைக் கேட்கும் உரிமை குடிமக்களுக்கு உண்டு. அரசை ஏற்றுக்கொள்பவர்களுக்கு அதைக் கேட்கும் கடமை மற்றவர்களைவிட அதிகம்.