காலி பஸ்கள் ஓடிய 381 நாட்கள்

பணி ஓய்வு பெற்றுப் பன்னிரண்டு வருடம் ஆகிவிட்டது. இன்னும் காலை நாலரைக்கு விழிப்பு வந்துவிடுகிறது. டிப்போவில் முதல் பஸ் கிளம்பும் நேரம் அது. முப்பது வருடம் டிராபிக் பிரிவில் இருந்தவனுக்கு உடம்பே ஒரு ஷெட்யூல்தான்.

போன மாதம் என் பேத்தி பள்ளியில் பேசுவதற்கு ரோசா பார்க்ஸ் பற்றி ஐந்து நிமிடத்துக்கு எழுதித் தரச் சொன்னாள். நானும் எல்லோருக்கும் தெரிந்த கதையை எழுதிக் கொடுத்தேன். அமெரிக்காவில் ஒரு கறுப்பினப் பெண்மணி பஸ்ஸில் வெள்ளைக்காரருக்கு இடம் விட மறுத்தார், கைதானார், மக்கள் ஒரு வருடத்துக்கு மேல் பஸ்ஸில் ஏறவில்லை, மார்ட்டின் லூதர் கிங் தலைமை தாங்கினார், கடைசியில் வெற்றி. படித்துவிட்டு அவள் கேட்டாள்: “அதெல்லாம் சரி தாத்தா, ஒரு வருஷம் பஸ்ல ஏறாம அவங்க எல்லாம் எப்படி வேலைக்குப் போனாங்க?”

பஸ் துறையிலேயே காலம் தள்ளிய எனக்கு இந்தக் கேள்வி தோன்றவில்லையே என்று வெட்கமாக இருந்தது. பிறகு தேடித் தேடிப் படித்தேன். படித்ததை உங்களுக்கும் சொல்கிறேன்.

அலபாமா மாநிலத்தின் தலைநகர் மான்ட்கோமரி. 1955-ல் அங்கே சுமார் 50,000 கறுப்பின மக்கள் இருந்தார்கள். டவுன் பஸ்ஸில் ஏறியவர்களில் நான்கில் மூன்று பேர் அவர்கள்தான். பஸ்ஸில் 36 சீட். முன்னால் 10 சீட் வெள்ளையருக்கு மட்டும். அவை காலியாகக் கிடந்தாலும் கறுப்பினத்தவர் நின்றுகொண்டுதான் வர வேண்டும். முன்வாசலில் ஏறி டிரைவரிடம் 10 சென்ட் கொடுத்துவிட்டுக் கீழே இறங்கி, பின்வாசல் வழியாக மறுபடி ஏற வேண்டும். காசை வாங்கிக்கொண்டு, அவர்கள் பின்வாசலுக்குப் போவதற்குள் வண்டியைக் கிளப்பிவிடும் டிரைவர்களும் உண்டு. நடுப்பகுதியில் அவர்கள் உட்காரலாம். ஆனால் முன்பக்கம் நிரம்பி ஒரு வெள்ளையர் நின்றால், அந்த வரிசையில் இருக்கும் நான்கு பேரும் எழுந்துவிட வேண்டும். கறுப்பினத்தவரோடு ஒரே வரிசையில் வெள்ளையர் உட்காரக் கூடாதாம்.

1955 டிசம்பர் 1, வியாழக்கிழமை மாலை நடந்தது அதுதான். நின்றவர் ஒரே ஒரு வெள்ளையர். நான்கு பேரை எழுந்திருக்கச் சொன்னார் டிரைவர். மூன்று பேர் எழுந்தார்கள், ரோசா பார்க்ஸ் எழவில்லை. அவருக்கு வயது 42. ஒரு பெரிய துணிக்கடையில் தையல் வேலை. வேலை முடிந்த களைப்பில் எழவில்லை என்று சொல்வார்கள். அது சரியல்ல. அவர் பல வருடமாகக் கறுப்பின மக்களின் உரிமைச் சங்கத்தில் செயலாளராக இருந்தவர். அந்தக் கோடையில்தான் போராட்டப் பயிற்சி முகாம் ஒன்றுக்குப் போய் வந்திருந்தார். 1943-ல் அவரைப் பஸ்ஸை விட்டு இறக்கிவிட்டவரும் இதே டிரைவர்தான்.

அவருக்கு முன்னாலேயே அப்படி எழ மறுத்தவர்கள் உண்டு. அதே வருடம் மார்ச் 2-ம் தேதி கிளாடெட் கோல்வின் என்ற 15 வயதுப் பள்ளி மாணவி இதே காரணத்துக்காகக் கைதானாள். ஆனால் அவளை முன்னிறுத்தப் பெரியவர்கள் தயங்கினார்கள். சின்னப் பெண், ஏழை வீடு, பிறகு கர்ப்பமாகவும் ஆனாள், ஊர் வாய்க்கு வழி கொடுத்துவிடும் என்று நினைத்தார்கள். அந்தப் பெண்ணின் பெயரை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் வருகிறேன்.

ரோசா கைதான சேதி அன்றிரவு ஜோ ஆன் ராபின்சன் என்பவருக்கு எட்டியது. கறுப்பின மாணவர்கள் படித்த கல்லூரியில் ஆங்கில ஆசிரியை, பெண்கள் சங்கம் ஒன்றின் தலைவி. பஸ்ஸில் நடக்கும் அவமானம் நிற்காவிட்டால் பஸ்ஸையே புறக்கணிப்போம் என்று 1954 மே மாதமே மேயருக்குக் கடிதம் எழுதியவர். அந்த ராத்திரி கல்லூரிக்குப் போய், ஒரு சக ஆசிரியர், இரண்டு மாணவர்கள் துணையோடு, திங்கட்கிழமை யாரும் பஸ்ஸில் ஏற வேண்டாம் என்று துண்டறிக்கை அடித்தார். விடியும்போது பல்லாயிரக்கணக்கில் தயார். ஸ்டென்சில் வெட்டி, மை பூசி, சைக்ளோஸ்டைல் மெஷினைச் சுற்றிய நம் வயதுக்காரர்களுக்கு அந்த இரவு எப்படி இருந்திருக்கும் என்று தெரியும்.

டிசம்பர் 5, திங்கட்கிழமை. பஸ்கள் காலியாக ஓடின. ரோசாவுக்கு 10 டாலர் அபராதம், 4 டாலர் கோர்ட் செலவு. அன்று ஒரு புதிய சங்கம் அமைத்தார்கள். ஊருக்கு வந்து அதிக நாள் ஆகாத 26 வயதுப் போதகர் மார்ட்டின் லூதர் கிங் தலைவரானார். அன்று மாலை ஹோல்ட் தெரு தேவாலயத்தில் கூட்டம் உள்ளே கொள்ளாமல் தெருவில் வழிந்தது. ஒரு நாள் புறக்கணிப்பைத் தொடர்வதென்று முடிவானது.

அவர்கள் முதலில் வைத்த கோரிக்கைகள் என்ன தெரியுமா? டிரைவர்கள் மரியாதையாகப் பேச வேண்டும். கறுப்பினத்தவர் பின்னாலிருந்தும் வெள்ளையர் முன்னாலிருந்தும் வந்த வரிசைப்படி உட்காரலாம், உட்கார்ந்தவரை எழுப்பக் கூடாது. கறுப்பினத்தவர் அதிகம் பயணிக்கும் ரூட்டுகளில் அவர்களிலும் சிலரை டிரைவராக எடுக்க வேண்டும். அவ்வளவுதான். பிரிவினையையே ஒழிக்க வேண்டும் என்றுகூட முதலில் கேட்கவில்லை. அதைக்கூடக் கொடுக்க நகர நிர்வாகத்துக்கு மனமில்லை.

இனி என் பேத்தியின் கேள்விக்கு வருகிறேன்.

முதலில் கறுப்பின டாக்ஸிக்காரர்கள் கை கொடுத்தார்கள். தலைக்கு 10 சென்ட், அதாவது பஸ் கட்டணமே. உடனே போலீஸ், டாக்ஸிக்குக் குறைந்தபட்சம் 45 சென்ட் வாங்கியே தீர வேண்டும் என்ற பழைய விதியைத் தூசி தட்டி எடுத்தது. பிறகு சொந்தக் கார் வைத்திருந்தவர்கள் கார்களைக் கொடுத்தார்கள். சுமார் 300 கார்கள் சேர்ந்தன. 1953-ல் லூசியானாவின் பேட்டன் ரூஜ் நகரத்தில் இப்படி ஒரு புறக்கணிப்பு நடத்தியவர்களிடம் கிங் போனில் வழிமுறை கேட்டுக்கொண்டார். காலையில் ஆள் ஏற்றும் இடங்கள், மாலையில் திரும்ப அழைத்து வரும் இடங்கள் என்று நாற்பதுக்கு மேற்பட்ட நிறுத்தங்கள் வகுத்தார்கள்.

300 வண்டிகளுக்கு ஷெட்யூல் போடுவது எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். எங்களுக்கு டிப்போ இருந்தது, மெக்கானிக் இருந்தார், ஸ்பேர் பஸ் இருந்தது. டிரைவர் வரவில்லையென்றால் மாற்று ஆள் இருந்தார். அப்படியும் ஒரு டிரிப் கட்டானால் நாள் முழுவதும் தலைவலி. அவர்களோ போதகர்கள், ஆசிரியைகள், சமையல்காரப் பெண்கள், தபால் ஊழியர்கள். பெட்ரோலும் டயரும் பழுதும் அவர்கள் செலவு. ஞாயிற்றுக்கிழமை ஒழுங்காக வண்டி ஓட்டி, திங்கட்கிழமை கைவிட்டிருந்தால் போராட்டம் அன்றோடு முடிந்திருக்கும்.

பணத்துக்கு என்ன செய்தார்கள்? ஜார்ஜியா கில்மோர் என்ற சமையல்காரம்மா, தோழிகளைச் சேர்த்துக்கொண்டு கேக், சர்க்கரைவள்ளிக்கிழங்குப் பலகாரம், கோழிக்கறி வைத்த ரொட்டி எல்லாம் செய்து விற்றார். வாரா வாரம் கூட்டத்தில் அந்தக் காசைக் கொட்டினார். யார் கொடுத்தது என்று தெரிந்தால் வேலை போய்விடும் என்பதால், ‘எங்கிருந்தும் வராத குழு’ என்ற பொருள்படத் தங்களுக்குப் பெயர் வைத்துக்கொண்டார்கள். கிங் மீது நடந்த வழக்கில் சாட்சி சொன்னதும் கில்மோருக்கு நிஜமாகவே வேலை போனது. தன் வீட்டு அடுப்படியிலேயே சமைத்து விற்றுப் பிழைத்தார்.

கார் கிடைக்காதவர்கள் நடந்தார்கள். வயதான பாட்டி ஒருவரைக் காரில் போகச் சொன்னபோது, கால்தான் வலிக்கிறது, மனசு நிம்மதியாக இருக்கிறது என்ற பொருளில் பதில் சொன்னாராம்.

மறுபக்கம் சும்மா இருக்கவில்லை. 25 மைல் வேகத்தில் போக வேண்டிய இடத்தில் 30-ல் போனதாகச் சொல்லிக் கிங்கைக் கைது செய்தார்கள். 1956 ஜனவரி 30 இரவு அவர் கூட்டத்தில் இருந்தபோது வீட்டுத் திண்ணையில் குண்டு வெடித்தது. உள்ளே மனைவி கொரெட்டாவும் கைக்குழந்தையும். நல்லவேளை, இருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. வாசலில் கூடிய கூட்டம் கொதித்துக்கொண்டிருந்தது, சிலர் கையில் ஆயுதம். கிங் வெளியே வந்து, ஆயுதத்தை வீட்டில் வைத்துவிட்டு வாருங்கள், பழிக்குப் பழி வேண்டாம் என்று சொல்லி அனுப்பி வைத்தார்.

அந்த நாட்களில் கிங்கின் வீட்டிலும் துப்பாக்கி இருந்தது. காந்திய வழியில் பழகிய பேயர்ட் ரஸ்டின் போன்றவர்கள் வந்து பேசிய பிறகுதான் அதெல்லாம் விலகியது. அவர் பிறவி அகிம்சைக்காரர் அல்ல, போராட்டத்தின் நடுவில் கற்றுக்கொண்டவர். இதைப் படித்தபோது அவர் மேல் எனக்கு மரியாதை கூடியது. காந்தியின் உப்புச் சத்தியாகிரகத்தோடு இதை ஒப்பிட்டு, போராட்டம் தொடங்கிய ஒரு வாரத்திலேயே உள்ளூர்ப் பத்திரிகைக்குக் கடிதம் எழுதியவர் யார் தெரியுமா? ஜூலியட் மார்கன் என்ற வெள்ளைக்கார நூலகர். அந்தக் கடிதத்துக்காக அவரைத் தொல்லை செய்தே ஒடுக்கினார்கள். 1957-ல் அவர் தன் உயிரை மாய்த்துக்கொண்டார்.

பிப்ரவரியில் 1921-ம் வருடச் சட்டம் ஒன்றைக் காட்டி 89 பேர் மீது வழக்கு. ஒளியாமல் தாங்களாகவே நல்ல உடை உடுத்திப் போலீசில் ஆஜரானார்கள். தேவாலயங்களின் பெயரில் வாங்கி ஓட்டிய வேன்களுக்கு இன்சூரன்ஸை ரத்து செய்ய வைத்தார்கள். கடைசியில் லண்டன் லாயிட்ஸ் மூலம் இன்சூரன்ஸ் கிடைத்தது.

இதற்கிடையே வழக்கறிஞர் ஃபிரெட் கிரே, பஸ்ஸில் பிரிவினையே சட்டவிரோதம் என்று மத்திய நீதிமன்றத்தில் வழக்குப் போட்டார். வாதிகளில் ஒருத்தி, அந்தக் கிளாடெட் கோல்வின். பெரியவர்கள் ஒதுக்கி வைத்த அந்தப் பெண் கூண்டேறிச் சாட்சி சொன்னாள். ரோசா பார்க்ஸ் அந்த வழக்கில் வாதி அல்ல. ஜூன் மாதம் தீர்ப்பு சாதகமாக வந்தது. நவம்பர் 13-ல் உச்ச நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

அதே நவம்பர் 13-ல்தான், இந்தக் கார் ஏற்பாட்டுக்குத் தடை கேட்டு நகர நிர்வாகம் போட்ட வழக்கு உள்ளூர் நீதிமன்றத்தில் நடந்தது. தடையும் கிடைத்துவிட்டது. உச்ச நீதிமன்றத்தின் உத்தரவோ டிசம்பர் 20-ல்தான் ஊர் வந்து சேர்ந்தது. ஜெயித்த பிறகும் ஐந்து வாரத்துக்கு மேல், அந்தக் கார்களும் இல்லாமல், குளிரில் நடந்தார்கள். யாரும் அவசரப்பட்டுப் பஸ்ஸில் ஏறவில்லை.

அந்த நாட்களில் தேவாலயத்தில் நாற்காலிகளைப் பஸ் சீட் போல வரிசையாகப் போட்டு ஒத்திகை பார்த்தார்கள். ஒருவர் டிரைவர், சிலர் திட்டுகிற வெள்ளையர், மற்றவர்கள் பயணிகள். திட்டினால் திருப்பித் திட்டாதே, தள்ளினால் திருப்பித் தள்ளாதே, ஜெயித்துவிட்டோம் என்று பெருமை பேசாதே. டிசம்பர் 21 காலை 6 மணிக்குச் சற்று முன், கிங்கும் தோழர்களும் முதல் பஸ்ஸின் முன்வாசலில் ஏறி, முன்னால் உட்கார்ந்தார்கள். 381 நாட்கள் முடிந்தன.

சுபம் போட்டுவிட முடியாது. ஒரு வாரத்தில் பஸ் மீது துப்பாக்கியால் சுட்டு, ஒரு கர்ப்பிணியின் கால்களில் குண்டு பாய்ந்தது. ஜனவரியில் ஒரே இரவில் நான்கு தேவாலயங்களில் குண்டு. ரோசா பார்க்ஸ் வேலையிழந்து, 1957-ல் டெட்ராய்ட் நகரத்துக்குக் குடிபெயர்ந்தார். ஓட்டல், தியேட்டர் போன்ற இடங்களில் பிரிவினையைத் தடுக்கும் சட்டம் வர 1964 ஆனது. கோல்வின் மீதான பழைய வழக்கின் பதிவை நீதிமன்றம் அழித்தது 2021-ல். அப்போது அவருக்கு 82 வயது.

1959-ல் கிங் நம் நாட்டுக்கு வந்து ஒரு மாதம் சுற்றினார், கன்னியாகுமரி வரை வந்தார். திருவனந்தபுரத்தில் தாழ்த்தப்பட்ட பிள்ளைகள் படித்த பள்ளியில் அவரை அமெரிக்காவிலிருந்து வந்த தீண்டப்படாதவர் என்று தலைமை ஆசிரியர் அறிமுகப்படுத்தினாராம். முதலில் கிங்குக்குச் சுருக்கென்றது. யோசித்துப் பார்த்து, ஆமாம், நானும் அதுதான் என்று உணர்ந்ததாக 1965-ல் தன் தேவாலயத்தில் சொன்னார். நம் ஊர்க் கதையை வைத்து அவர் தன் கதையைப் புரிந்துகொண்டிருக்கிறார்.

பேத்தியின் பேச்சை மாற்றி எழுதினோம். ரோசா பார்க்ஸ் பற்றி இரண்டு நிமிடம், மீதி மூன்று நிமிடம் கார் ஓட்டியவர்களுக்கும், கேக் விற்றவர்களுக்கும், நடந்தவர்களுக்கும். பரிசு கிடைக்கவில்லை. நேரம் தாண்டிவிட்டதாம்.

“பரவாயில்ல தாத்தா,” என்றாள். “கோல்வின் பேரைச் சொல்லிட்டேன்.”