கட்டை

எங்கள் பெரியப்பா ராசிபுரம் பக்கத்துக் கூத்து ஜமா ஒன்றில் பெட்டிக்காரர். பெட்டி என்றால் ஆர்மோனியம். பக்கவாதத்தில் இடது கை விழுந்த பிறகு பெட்டியைத் துணிபோட்டு மூடிவிட்டார். வாசிக்கும் வலது கை நன்றாகத்தான் இருந்தது. துருத்தி தள்ளத்தான் கை இல்லை.

போன வருஷம் இணையத்தில் ஆர்மோனியம் ஒன்று கண்ணில் பட்டது. கணினியின் எழுத்துவிசைகளே அதற்குக் கட்டைகள். நடு வரிசையில் ஏ, எஸ், டி, எஃப் வெள்ளைக் கட்டை. மேல் வரிசையில் டபிள்யூ, இ, டி, ஒய், யூ கறுப்புக் கட்டை. (டைப்ரைட்டிங் இன்ஸ்டிடியூட்டில் ஆறு மாசம் ஏ-எஸ்-டி-எஃப் அடித்தவன் நான். அதில் ஒரு ராகம் இருக்கும் என்று அப்போது யாரும் சொல்லவில்லை.) மடிக்கணினியைப் பெரியப்பா முன்னால் வைத்தேன். அவர் கேட்ட முதல் கேள்வி: "அஞ்சரைக் கட்டை எதுடா கண்ணு?"

இந்தக் கேள்விக்குள் ஒரு வரலாறே இருக்கிறது. பாடகரின் சுருதியை நாம் கட்டைக் கணக்கில் சொல்கிறோம். அந்தக் கணக்கு தம்பூராவிலிருந்து வந்ததல்ல, ஆர்மோனியத்திலிருந்து வந்தது. வெள்ளைக் கட்டைகள் ஒன்று, இரண்டு, மூன்று என்று போகும். இடையில் வரும் கறுப்புகள் ஒன்றரை, இரண்டரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவில் கறுப்பு இல்லை, அதனால் மூன்றரைக் கட்டைச் சுருதியும் இல்லை. 1840களின் தொடக்கத்தில் பாரிஸில் அலெக்ஸாண்டர் டெபெய்ன் காப்புரிமை வாங்கிய கருவி இது. அதைத் தரையில் உட்கார்ந்து ஒரு கையால் துருத்தி தள்ளி வாசிக்கும்படி கல்கத்தாவில் சுருக்கினார்கள். நாடகமேடை வழியாக நம்மிடம் பரவியது. கிட்டப்பாவுக்கு அவர் அண்ணன் காசி ஐயர் பெட்டி வாசித்தார். மைக் இல்லாத காலத்தில் கடைசி வரிசை வரை குரல் போகவேண்டும், சுருதி உயரத்தில்தான் நிற்கும். காவிரிக்கு அந்தக் கரையில், கொடுமுடியில் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் குரலும் அப்படிப்பட்ட மேடையில் வளர்ந்ததுதான்.

சபைக்காரர்களுக்கு மட்டும் பெட்டி பிடிக்கவில்லை. ஒரு கட்டைக்கு ஒரே ஒலி. கமகம் வராது, ஸ்வரத்தை அசைக்க முடியாது. வானொலியில் மேற்கத்திய இசைப் பொறுப்பில் இருந்த ஜான் ஃபோல்ட்ஸ் 1938ல் ஆர்மோனியத்துக்கு எதிராக எழுதினார். தாகூருக்கும் அது ஆகாது. 1940 மார்ச் 1 முதல் அகில இந்திய வானொலியில் ஆர்மோனியத்துக்குத் தடை. நாமக்கல் பக்கம் கேட்கும் திருச்சி நிலையம் தொடங்கி (1939 மே 16) அப்போது பத்து மாசம்கூட ஆகவில்லை. 1971ல்தான் தடை தளர்ந்தது, அதுவும் பக்கவாத்தியத்துக்கு. வேடிக்கை என்னவென்றால், தடை செய்தவர்களும் சுருதியைக் கட்டையில்தான் சொல்லிக்கொண்டிருந்தார்கள். கூத்துக்காரர்கள் இதைக் கண்டுகொள்ளவே இல்லை. இங்கே மிருதங்கம், முகவீணை, தாளத்தோடு பெட்டி விடிய விடிய ஒலித்தது.

கணினிப் பெட்டிக்கும் அதே குற்றச்சாட்டைச் சொல்லலாம். பதிவு செய்து வைத்த ஒலி, விசைக்கு ஒன்று. கூடவே ஒரு புதுக் குறை: எழுத்துவிசைகளுக்குத் தனித்தனிக் கம்பி கிடையாது, வரிசை-பத்தி வலையில் பின்னியிருக்கும். மூன்று விசையைச் சேர்த்து அழுத்தினால் சில சமயம் மூன்றாவது ஊமையாகிவிடும். துருத்தியால் ஒலியைத் தணித்து ஏற்றும் வித்தையும் இல்லை. நல்ல பெட்டிக்காரனுக்குப் பாதி வித்தை இடது கையில்தான்.

அஞ்சரைக் கட்டைக்கு ஒய் விசையைக் காட்டினேன். அதிலிருந்து பஞ்சமம் அதே வரிசைக் கடைசியில், பி. பெரியப்பா இரண்டையும் சேர்த்து அமுக்கிப் பிடித்தார். சுருதி நின்றது. கொஞ்ச நேரம் கேட்டுவிட்டு, "காத்து எங்கிருந்துடா வருது?" என்றார். காற்றே இல்லை என்றேன். நம்பவில்லை. குனிந்து மடிக்கணினியின் பக்கவாட்டு ஓட்டையில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார். மின்விசிறி ஓடி வெதுவெதுப்பாகக் காற்று வந்துகொண்டிருந்தது.

"வருதே," என்றார். அப்புறம் விருத்தத்தை எடுத்தார்.