கூடிப் பாடிய குற்றம்

இலண்டன் மாநகரின் கிரேஸ்சர்ச் தெருவில், 1670ஆம் ஆண்டு ஆகஸ்டுத் திங்கள் 14ஆம் நாள், பூட்டப்பட்ட ஒரு வழிபாட்டு இல்லத்தின் வெளியே நின்று ஓர் இளைஞர் சமயவுரை ஆற்றினார். வில்லியம் பென் என்பது அவர் பெயர். குவேக்கர் என்னும் கிறித்தவப் பிரிவினர். அரசு ஏற்றுக்கொண்ட திருச்சபைக்குப் புறம்பானோர் கூடி வழிபடலாகாது என அந்நாளைய சட்டம் விதித்திருந்தது. படைவீரர் கதவை அடைத்தனர். பென் தெருவையே வழிபாட்டுக்குரிய இடமாக்கினார். அவர்மீதும் வில்லியம் மீட் என்பவர்மீதும் சாட்டப்பட்ட குற்றம், சட்ட விரோதமாகக் கூட்டம் கூட்டிக் கலகம் விளைத்தனர் என்பது.

நீதிமன்றத்தில் தொப்பியைக் கழற்றாமைக்காக இருவருக்கும் முதலில் தண்டம் விதிக்கப்பட்டது. பின்னர், குற்றம் மெய்ப்பட்டதென உரைக்குமாறு ஜூரிகள் வற்புறுத்தப்பட்டனர். உணவும் நீரும் நெருப்புமின்றி இரவுகளில் அடைத்து வைக்கப்பட்டும் அவர்கள் இசையவில்லை. தண்டம் விதித்து அவர்களையே சிறைக்கு அனுப்பியது நீதிமன்றம். தம் மனச்சான்றின்படி தீர்ப்புரைத்த ஜூரிகளைத் தண்டிக்கலாகாது என்னும் நெறி, அச்சிறையிலிருந்து தொடுக்கப்பட்ட வழக்கில்தான் நிலைபெற்றது.

பதினெட்டு ஆண்டுகள் கழிந்தன. இரண்டாம் ஜேம்ஸ் மன்னர் தமது சமய அறிவிக்கையைக் கோவில்தோறும் படிக்கவேண்டுமென ஆணையிட்டபோது, ஆயர் எழுவர் அதனைத் திரும்பப் பெறுமாறு பணிவுடன் விண்ணப்பம் செய்தனர். விண்ணப்பமே அரசத் துரோக அவதூறு எனப்பட்டது. எழுவரும் கோட்டைச் சிறையில் அடைக்கப்பட்டனர். 1688 ஜூன் 30 அன்று ஜூரிகள் அவர்களை விடுவித்தனர். மறு ஆண்டின் உரிமைச் சட்டம், மன்னரிடம் விண்ணப்பிப்பது குடிகளின் உரிமை என்றும், அதற்காக வழக்குத் தொடுப்பது சட்டத்துக்கு மாறானது என்றும் அறிவித்தது.

வழிபடுதல், கூடுதல், வேண்டுதல் என்னும் மூன்றும் ஒரே குடும்பத்து உரிமைகள் என்பதை இவ்விரு வழக்குகளும் காட்டும். வழிபடச் சென்றவர் கூடியதற்காகக் குற்றவாளியானார். சமயம் குறித்து வேண்டியவர் வேண்டியதற்காகவே சிறை புகுந்தார். ஒன்றைத் தடுக்க நினைத்த அரசு மற்றொன்றைப் பிடித்தது.

1789இல் அமெரிக்கப் பேராயத்தில் உரிமைத் திருத்தங்கள் ஆராயப்பட்டபோது, கூடும் உரிமையை எழுதிவைப்பது வீண் வேலை என்றார் தியோடர் செட்ஜ்விக் என்னும் உறுப்பினர். அதை எழுதினால், மனிதன் விரும்பியபோது தொப்பி அணியலாம் என்பதையும் எழுதவேண்டிவரும் என்று எள்ளினார். வர்ஜீனியாவின் ஜான் பேஜ் எழுந்து, அதிகாரத்தின் முன் தொப்பியைக் கழற்றுமாறு மனிதன் கட்டாயப்படுத்தப்பட்டதுண்டு என்றார். பென்னின் பெயரை அவர் சொல்லவில்லை. சொல்லவேண்டிய தேவையும் அவ்வவையில் இல்லை. கூடும் உரிமை திருத்தத்தில் இடம்பெற்றது. 1791 டிசம்பர் 15 அன்று நடப்புக்கு வந்த முதல் திருத்தம், சமயம், பேச்சு, அச்சு, அமைதியாகக் கூடுதல், குறைதீர்க்க விண்ணப்பித்தல் ஆகிய அனைத்தையும் ஒரே வாக்கியத்தில் அடக்கியது.

அவ்வாக்கியம் எல்லைகளைப் பற்றி ஏறத்தாழ மௌனம் சாதிக்கிறது. கூட்டம் அமைதியாக இருத்தல் வேண்டும் என்பதொன்றே அதிலுள்ள நிபந்தனை. பிற எல்லைகளை வகுக்கும் பணி நீதிமன்றங்களைச் சேர்ந்தது. முதலில் நடுவண் அரசை மட்டுமே கட்டுப்படுத்திய இவ்வுரிமைகள், இருபதாம் நூற்றாண்டில்தான் மாநிலங்களையும் கட்டுப்படுத்தலாயின. எல்லை எங்கே என்னும் வினா அதன்பின் கூர்மை பெற்றது.

தென் கரோலினாவின் தலைநகரான கொலம்பியாவில் 1961 மார்ச் 2 அன்று கறுப்பின மாணவர்கள் சீயோன் பாப்டிஸ்டு கோவிலில் ஒன்றுகூடினர். ஏறத்தாழப் பதினைந்து பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரிந்து, நிறவேற்றுமைச் சட்டங்களுக்கு எதிரான தம் குறைகளை அறிவிக்கச் சட்டமன்ற வளாகத்துக்கு நடந்தனர். கைகளில் அட்டைகள் இருந்தன, வன்முறை இல்லை. வேடிக்கை பார்த்தோரும் அச்சுறுத்தவில்லை. பதினைந்து நிமிடத்தில் கலையவேண்டும் எனக் காவலர் ஆணையிட்டனர். மாணவர்கள் கலையவில்லை, பாடினர். நாட்டுப்பண்ணையும் சமயப் பாடல்களையும் கைதட்டி, காலால் தாளமிட்டுப் பாடினர். 187 பேர் கைது செய்யப்பட்டனர். பொது அமைதிக்குப் பங்கம் விளைத்தனர் என்று, பத்து டாலர் முதல் நூறு டாலர் வரை தண்டமோ, ஐந்து நாள் முதல் முப்பது நாள் வரை சிறையோ விதிக்கப்பட்டது.

1963 பிப்ரவரி 25 அன்று உச்ச நீதிமன்றம் அத்தண்டனைகளை நீக்கியது. நீதிபதி பாட்டர் ஸ்டூவர்ட் எழுதிய தீர்ப்பின் சாரம் இது: பேச்சு, கூட்டம், விண்ணப்பம் ஆகிய உரிமைகளை இவர்கள் மிகத் தூய வடிவில் பயன்படுத்தினர், அமைதிப் பங்கம் என்னும் சொல் வரையறையின்றி விரியுமாயின், பெரும்பான்மையோருக்குப் பிடிக்காத கருத்தைச் சொல்வதே குற்றமாகிவிடும். அவ்வளாகம் இன்ன நேரத்தில் மட்டுமே திறந்திருக்கும் என்பது போன்ற திட்டவட்டமான விதியை மீறியிருந்தால் வழக்கு வேறாயிருக்கும் என்பதையும் தீர்ப்பு மறைக்கவில்லை.

இவ்விறுதிக் கருத்து கவனத்துக்குரியது. எல்லையே கூடாது என்று அந்நீதிமன்றம் ஒருநாளும் சொன்னதில்லை. ஊர்வலத்துக்கு இசைவு பெறவேண்டும் என்னும் விதியை 1941இல் அது ஏற்றது. நேரம், இடம், முறை ஆகியவற்றை மட்டும் அவ்விதி ஒழுங்கு செய்கிறது என்பதே காரணம். ஃபுளோரிடாவில் சிறை வளாகத்துக்குள் கூடிய மாணவர்களின் தண்டனையை 1966இல் ஐந்துக்கு நான்கு என்னும் கணக்கில் உறுதி செய்தது. எல்லையை எவர், எச்சொல்லால், எவ்வளவு தெளிவாக வகுத்தார் என்பதே அங்கு வழக்கின் உயிர்நிலை.

இதனை அலபாமாவின் பர்மிங்காம் நகரில் நிகழ்ந்த ஊர்வலங்கள் நன்கு விளக்கும். பொது நலன், ஒழுக்கம், வசதி முதலியவற்றுக்கு ஒவ்வாது எனத் தாம் கருதினால் நகர ஆணையர்கள் ஊர்வலத்துக்கு இசைவு மறுக்கலாம் என்றது அந்நகர விதி. இசைவு கேட்டவர்களைச் சிறைக்கே அனுப்புவேன் என்ற பொருளில் மறுமொழி தந்தார் ஆணையர் புல் கானர். நீதிமன்றத் தடையாணையும் பிறந்தது. 1963 ஏப்ரல் 12, பெரிய வெள்ளியன்று, 52 பேர் நடைபாதையில் சென்றனர். மார்ட்டின் லூதர் கிங், ஷட்டில்ஸ்வொர்த் முதலிய போதகர்கள் அவர்களுக்குத் தலைமை தாங்கினர்.

அப்போராட்டத்திலிருந்து இரு வழக்குகள் கிளைத்தன. தடையாணையை மீறிய வழக்கில், ஆணை தவறாயினும் முதலில் நீதிமன்றம் சென்றே அதை அகற்றியிருக்க வேண்டும் என்று 1967இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்னும் கணக்கில் கூறியது. கிங் அவ்வாண்டே மீண்டும் சிறை சென்றார். நகர விதியை மீறிய வழக்கில், அளவுகோலின்றி அதிகாரியின் மனத்துக்கு விடப்பட்ட அவ்விதியின்கீழ் தண்டித்தல் செல்லாது என்று 1969 மார்ச்சில் கூறியது. இரு தீர்ப்புகளையும் எழுதியவர் அதே ஸ்டூவர்ட். இரண்டாம் தீர்ப்பு வந்தபோது கிங் கொலையுண்டு பதினொரு திங்கள் ஆகியிருந்தன. நீதி வென்றது என்று எழுதுவோர், அதற்கு ஆறாண்டு பிடித்ததையும் சேர்த்து எழுதுதல் வேண்டும்.

இந்திய அரசியலமைப்போ எல்லைகளை உரிமைகளுக்கு அருகிலேயே எழுதி வைத்தது. ஆயுதமின்றி அமைதியாகக் கூடும் உரிமையைப் 19ஆம் உறுப்பு தருகிறது. பொது ஒழுங்கு முதலியவற்றின் பொருட்டு நியாயமான கட்டுப்பாட்டைச் சட்டத்தால் விதிக்க இடமளிக்கிறது. 25ஆம் உறுப்பின் சமய உரிமை பொது ஒழுங்கு, ஒழுக்கம், நலவாழ்வு ஆகியவற்றுக்கு உட்பட்டது. விண்ணப்பம் தனி அடிப்படை உரிமையாக எழுதப்படவில்லை. ஆயினும் ஒன்றியத்திலோ மாநிலத்திலோ வழங்கும் எம்மொழியிலும் குறைதீர்க்க முறையிடலாம் என்கிறது 350ஆம் உறுப்பு. ஆட்சியாளரின் மொழி அறியாதவரும் தம் குறையைத் தம் மொழியில் எழுதலாம் என்பதன் அருமையை மொழியன்பர்க்கு விரித்துரைக்க வேண்டுவதில்லை.

எழுதப்பட்ட எல்லையும் ஒரு நாள் சோதனைக்கு வந்தது. கேரளத்தில் யெகோவாவின் சாட்சிகள் பிரிவைச் சார்ந்த மூன்று குழந்தைகள், நாட்டுப்பண் ஒலிக்கையில் மரியாதையுடன் எழுந்து நின்றனர். சமய நம்பிக்கை காரணமாக வாய்திறந்து பாடவில்லை. 1985இல் பள்ளியிலிருந்து நீக்கப்பட்டனர். உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி சின்னப்ப ரெட்டி, அமெரிக்காவில் அதே பிரிவினரின் பிள்ளைகள் கொடி வணக்கம் குறித்துத் தொடுத்த வழக்குகளையும் ஆராய்ந்து, 1986 ஆகஸ்டு 11 அன்று அவர்களைத் திரும்பச் சேர்க்குமாறு தீர்ப்பளித்தார். பாடியே தீரவேண்டும் என்று எச்சட்டமும் கூறவில்லை. துறையின் சுற்றறிக்கை சட்டமாகாது என்பது அதன் அடிப்படை.

கொலம்பியாவின் மாணவர் தம் நாட்டின் பண்ணைப் பாடித் தண்டனை பெற்றனர். கேரளத்துக் குழந்தைகள் தம் நாட்டின் பண்ணைப் பாடாமல் தண்டனை பெற்றனர். இரு நாட்டு நீதிமன்றங்களும் அதிகாரியை நோக்கி எழுப்பிய வினா ஒன்றே: எந்தச் சட்டத்தின் எந்தச் சொல் உமக்கு இந்த அதிகாரத்தைத் தந்தது? அவ்வினாவுக்கு விடையில்லாமற் போனதனால்தான் மாணவரின் தண்டனை நீங்கியது. குழந்தைகளுக்குப் பள்ளிக் கதவு மீண்டும் திறந்தது.